இருபதில் பதினாறு சொல் தெரிந்தும் ஏன் புரியவில்லை? சீன மாணவர்களின் ஆங்கில வாசிப்புப் பயிற்சி ஓர் அறிமுகம்

முதலில் இந்த மூன்று வாக்கியங்களைப் படித்துப் பாருங்கள்.

“நேற்று மிங் தன் தாத்தாவின் தெசலுக்குப் போனான். அங்கே பழைய குவிறு ஒன்று இருந்தது. அதைத் தொட்டதும் தாத்தா பிளவித்து, ‘இது உன் அப்பாவின் நொறுவை’ என்றார்.”

மொத்தம் 20 சொற்கள். பதினாறு உங்களுக்குத் தெரிந்தவை. மற்ற நான்கும் நான் இட்டுக்கட்டியவை. நூற்றுக்கு எண்பது என்றால் எந்தத் தேர்விலும் மரியாதையான மதிப்பெண்தான். ஆனால் இங்கே என்ன நடந்தது என்று உங்களால் சொல்ல முடியுமா? தாத்தா மகிழ்ந்தாரா, சினந்தாரா? மிங் போனது வீட்டுக்கா, தோட்டத்துக்கா, கடைக்கா? ஒன்றும் பிடிபடவில்லை.

இப்போது வினாத்தாள் பாணியில் கேட்கிறேன். மிங் எங்கே போனான்? “தாத்தாவின் தெசலுக்கு.” சரி. அங்கே என்ன இருந்தது? “பழைய குவிறு.” அதுவும் சரி. ஒரு பொருளும் விளங்காமலே இரண்டு மதிப்பெண் வாங்கிவிட்டீர்கள்.

சீனாவில் ஏழு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகங்கள் பெரும்பாலும் இந்த இரண்டு சிக்கல்களோடுதான் மல்லுக்கட்டுகின்றன. ஒரு பத்தியில் எத்தனை சொல் தெரிந்திருந்தால் அது புரியும் என்பது ஒன்று. விடை எழுதுவதும் புரிந்துகொள்வதும் ஒன்றல்ல என்பது மற்றொன்று. இரண்டாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை என்பது என் எண்ணம்.

மூன்று ஆண்டும் ஒரு தேர்வும்

சீனாவில் கட்டாயக் கல்வி ஒன்பது ஆண்டுகள். 1986இல் இயற்றப்பட்ட சட்டம் அதை நிறுவியது. பெரும்பாலான ஊர்களில் ஆறு ஆண்டு தொடக்கப் பள்ளி, பிறகு மூன்று ஆண்டு கீழ்நிலை நடுப்பள்ளி; ஷாங்காய் போன்ற சில இடங்களில் ஐந்தும் நான்கும். தொடக்கப் பள்ளியின் மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலத்தைத் தொடங்க வேண்டும் என்று கல்வி அமைச்சகம் 2001இல் முடிவெடுத்தது. ஆனால் பெருநகரப் பிள்ளைக்கும் மலைப்பகுதிக் கிராமத்துப் பிள்ளைக்கும் இடையே இந்த விஷயத்தில் பெரிய இடைவெளி உண்டு. ஏழாம் வகுப்பில் இருவரும் ஒரே மாதிரிப் பாடநூலைத் திறக்கும்போது ஒருவருக்கு அது பழைய பாடம், மற்றவருக்கு ஏறக்குறைய முதல் பாடம்.

ஒன்பதாம் வகுப்பின் முடிவில், வழக்கமாக ஜூன் மாதத்தில், ‘ஜோங்காவோ’ என்ற தேர்வு நடக்கிறது. மேல்நிலைப் பள்ளியில் எந்தப் பள்ளி கிடைக்கும், பொதுக் கல்வியா தொழிற்கல்வியா என்பதையெல்லாம் இதுவே முடிவு செய்கிறது. நாடு முழுவதற்கும் ஒரே வினாத்தாள் கிடையாது; மாநிலமோ நகரமோ தனித்தனியாகத் தயாரிக்கிறது. ஷாங்காயில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண், பல இடங்களில் 120. வினாத்தாள் ஊருக்கு ஊர் மாறினாலும் வாசிப்புப் பகுதிக்கு எங்கும் கனமான பங்கு உண்டு.

எத்தனை சொற்கள் தெரிந்திருக்க வேண்டும்? 2011இன் பாடத்திட்ட வரையறை, ஒன்பதாம் வகுப்பு முடிக்கும் மாணவருக்கு 1500 முதல் 1600 சொற்களும் 200 முதல் 300 சொற்றொடர்களும் என்று சொன்னது. 2022இல் வந்த புதிய வரையறையும் 1600ஐ ஒட்டியே நிற்கிறது. கல்லூரி நுழைவுக்கான ‘காவோகாவோ’ தேர்வுக்குப் போகும்போது இது மூவாயிரத்தைத் தாண்டுகிறது.

1600 சொற்கள் போதுமா?

போதாது. ஆனால் ‘எதற்குப் போதாது’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் சொற்களைத் திரட்டிப் பட்டியலிட்ட முன்னோடிகளில் ஒருவர் மைக்கேல் வெஸ்ட். 1920களில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியவர். வங்காளச் சிறுவர்கள் ஆங்கிலப் பாடநூலில் திணறுவதைப் பார்த்து, அரிதான சொற்களை நீக்கிவிட்டு எளிய வாசிப்பு நூல்களை உருவாக்கினார். 1953இல் அவர் வெளியிட்ட பட்டியலில் சுமார் 2000 சொற்கள். சீனப் பாடத்திட்டத்தின் 1600 இந்த வகைப் பட்டியலுக்கு உறவுதான்: மிக அதிகமாகப் புழங்கும் சொற்கள் முதலில், மற்றவை பிறகு.

அதற்குப் பின் ஆய்வாளர்கள் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். ஒரு பத்தியில் எத்தனை விழுக்காடு சொல் தெரிந்தால் அகராதி இல்லாமல் புரியும்? 1989இல் பாட்டியா லாஃபர் 95 விழுக்காடு என்றார். 2000இல் ஹூ, பால் நேஷன் இருவரும் செய்த ஆய்வு 98 விழுக்காடு வேண்டும் என்றது. அந்த ஆய்வில் 80 விழுக்காடு மட்டும் தெரிந்த நிலையில் கதையைப் போதுமான அளவு புரிந்துகொண்டவர் ஒருவர்கூட இல்லை. தெசலுக்கும் குவிறுக்கும் நடுவில் நீங்கள் நின்ற நிலை அதுதான். 98 விழுக்காட்டை எட்டி, நாவலையும் நாளிதழையும் துணையின்றிப் படிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் (ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து கிளைத்தவையும் சேர்ந்தது ஒரு குடும்பம்) வேண்டும் என்று நேஷன் 2006இல் கணக்கிட்டார்.

ஆக, 1600 சொல்லோடு ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை லண்டன் நாளிதழைப் புரட்ட முடியாது. ஜோங்காவோ அதைக் கேட்கவும் இல்லை. தேர்வுக்கான பத்திகள் சுருக்கப்பட்டு, சொற்கள் எளிமையாக்கப்பட்டு வருகின்றன. பட்டியலுக்கு வெளியே ஒரு சொல் தவிர்க்க முடியாமல் வந்தால், அதன் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் சீனப் பொருளை அச்சிட்டுவிடுவார்கள். நம் பாடநூலில் அருஞ்சொற்பொருள் தருவதைப் போன்ற ஏற்பாடுதான். இதில் கூர்ந்து பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பட்டியலில் இல்லாத சொல் ஒன்று, பொருள் தரப்படாமல், அடிக்கோடு மட்டும் போடப்பட்டு நிற்குமானால் அது மறதியால் விடுபட்டதல்ல. அதைப் பற்றித்தான் கேள்வி வரப்போகிறது.

“தெரியும்” என்பதில் எத்தனை தெரியும்

சீனப் பள்ளிகளில் சொல் கற்பிக்கும் முறைக்கு ஓர் உறுதியான வடிவம் உண்டு. பாடநூலின் பின்பக்கத்தில் அலகு வாரியாகச் சொற்பட்டியல். ஆங்கிலச் சொல், ஒலிக்குறி, சீனப் பொருள். காலையில் வகுப்பு தொடங்கும் முன் எல்லோரும் உரக்கப் படிக்கும் நேரம். பிறகு சொல்வதெழுதுதல். ஆசிரியர் சீனத்தில் பொருளைச் சொல்ல, மாணவர் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். தவறினால் அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டும். நமக்கும் பழக்கப்பட்ட தண்டனைதான்.

இந்த முறையை ஒரேயடியாக ஏளனம் செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எழுத்துக்கூட்டல் கையில் படியாமல் சொல் மனத்தில் படியாது. ஆனால் இதில் ஒரு குறை இருக்கிறது. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு சீனப் பொருள் என்று ஒட்டிவிட்டால், அந்த ஒட்டு பிறகு எளிதில் பிரிவதில்லை.

1990களில் சீனாவில் நடுப்பள்ளி படித்த எவரைக் கேட்டாலும் லி லெய், ஹான் மெய்மெய் என்ற இரண்டு பெயர்களைச் சொல்வார்கள். அந்தக் காலப் பாடநூலின் பாத்திரங்கள். “ஹவ் ஆர் யூ?” என்றால் “ஃபைன், தேங்க் யூ. அண்ட் யூ?” என்ற பதில் ஒரு தலைமுறையின் நாவில் பச்சை குத்தியது போல் நின்றுவிட்டது. அப்படி ‘ஃபைன்’ என்றால் ‘நலம்’ என்று மட்டும் கற்ற பிள்ளை, நூலகம் பற்றிய ஒரு பத்தியில் புத்தகத்தைத் தாமதமாகத் திருப்பிக் கொடுத்தவன் ‘ஃபைன்’ கட்டினான் என்று படித்தால் என்ன செய்யும்? நலத்தை எப்படிக் கட்டுவது? நாம் போக்குவரத்துக் காவலரிடம் கற்றுக்கொண்டுவிட்டதால் நமக்கு இதில் சிரமம் இல்லை. இதே போல ‘புக்’ என்பது புத்தகம் மட்டுமல்ல, டிக்கெட் பதிவு செய்வதும்தான்; ‘வாட்டர்’ தண்ணீர் மட்டுமல்ல, செடிக்கு நீர் ஊற்றுவதும்தான்; ‘ரன்’ ஓடுவது மட்டுமல்ல, கடை நடத்துவதும்தான்.

தெரிந்த சொல்லின் தெரியாத பொருள் என்று இதற்குச் சீன ஆசிரியர்கள் தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு இது மிகவும் பிடித்த இடம். காரணம் எளிது: பட்டியலைத் தாண்டாமலே கேள்வியைக் கடினமாக்கலாம். தெரியாத சொல்லைக் கண்டால் மாணவர் நின்று யோசிப்பார். தெரிந்ததாக நினைக்கும் சொல்லைக் கண்டால் நிற்கவே மாட்டார்.

உச்சரிப்பிலும் இப்படி ஒரு குறுக்குவழி உண்டு. ‘தேங்க் யூ’ என்பதைச் சீன எழுத்துகளில் ‘சான் க யூ’ என்று குறித்துக்கொள்வார்கள். அந்த எழுத்துகளை அப்படியே படித்தால் ‘மூன்று கிராம் எண்ணெய்’. ஆசிரியர் கண்டால் திட்டு விழும். ஆங்கிலச் சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழில் எழுதிக்கொண்ட அனுபவம் உள்ளவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

இனி மறதிக்கு வருவோம். ஜெர்மானியரான எபிங்ஹாஸ் 1885இல், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்தார். முதல் சில மணி நேரங்களில் மளமளவென்று மறப்போம், பிறகு மறதி மெதுவாகும் என்பது அவர் கண்டது. சீன மாணவர்களிடையே அவர் பெயர் மிகப் பிரபலம். ஒன்றாம் நாள், இரண்டாம் நாள், நான்காம், ஏழாம், பதினைந்தாம் நாள் என்று திருப்புதல் அட்டவணை அச்சடித்த நோட்டுகளே விற்கின்றன. பைட்சிஜான், மோமோ போன்ற செயலிகளின் அடிப்படையும் இப்படி இடைவெளிவிட்டுத் திருப்பிப் பார்ப்பதுதான். பயனுள்ள முறை என்பதில் ஐயமில்லை. ஆனால் எபிங்ஹாஸ் மனப்பாடம் செய்தது பொருளே இல்லாத அசைகளை. ஒரு கதையில், ஒரு மனிதர் பேசும்போது சந்தித்த சொல் வேறு மாதிரி மனத்தில் தங்குகிறது. அட்டவணையை வேதமாகக் கொள்ளத் தேவையில்லை.

சொற்பட்டியல் புத்தகங்களைப் பற்றி மாணவர்களிடம் ஒரு பழைய கேலி உண்டு. அகர வரிசையில் முதலில் வரும் சொல் ‘அபேண்டன்’, அதாவது கைவிடு. பிள்ளைகளும் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அந்தப் பக்கத்திலேயே புத்தகத்தைக் கைவிட்டுவிடுவார்கள்.

எல்லாச் சொல்லும் தெரிந்தும் வாக்கியம் புரியாதபோது

இந்த இடம் தமிழருக்குச் சட்டென்று விளங்கும். “நேற்று வந்த பையன்” என்கிறோம். விளக்கம் முன்னால், பெயர் பின்னால். சீனத்திலும் அதே வரிசை: நேற்று, வா, நடுவில் ‘த’ என்ற சிறு ஒட்டு, கடைசியில் பையன். ஆங்கிலம் மட்டும் பையனை முதலில் நிறுத்திவிட்டு, அவன் யார் என்பதைப் பின்னால் இழுத்துக்கொண்டு வருகிறது. தமிழும் சீனமும் வெவ்வேறு மொழிக்குடும்பங்கள். ஆனால் ஆங்கிலம் படிக்கையில் இரண்டு பிள்ளைகளும் தடுக்கி விழுவது ஒரே படிக்கட்டில்தான்.

ஆங்கில வரிசையை அப்படியே வைத்து ஒரு வாக்கியம் சொல்கிறேன். “அந்தக் கிழவர், யார் காய்கறி விற்றாரோ பள்ளி வாசலருகே, கொடுத்தார் ஒரு குடையை அந்தப் பையனுக்கு, யாருடைய சைக்கிள் உடைந்திருந்ததோ.” ஆங்கிலத்தில் எழுதினால் ‘கொடுத்தார்’ என்ற வினைக்குச் சற்று முன்னால் நிற்பது பள்ளி வாசல். வேகமாகப் படிக்கும் பிள்ளைக்குக் குடை கொடுத்தது கிழவரா, வாசலா என்று ஒரு கணம் குழம்பிப்போகும். இங்கே தெரியாத சொல் எதுவும் இல்லை. கிழவர், காய்கறி, குடை, சைக்கிள் எல்லாம் ஏழாம் வகுப்புச் சொற்கள்.

இதற்கான பயிற்சி பழையது, நல்லது. பென்சிலால் ‘யார்’, ‘எது’ என்று தொடங்கும் துண்டுகளை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட வேண்டும். மிஞ்சுவது அடிமரம்: கிழவர் பையனுக்குக் குடை கொடுத்தார். அடிமரத்தைப் பிடித்தபின் கிளைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப ஒட்ட வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று நீண்ட வாக்கியங்களை இப்படிப் பிரித்துப் படித்தாலே ஒரு பருவத்தில் கண் பழகிவிடும்.

காலமும் இப்படித்தான். சீன வினைச்சொல் இறந்த காலம், நிகழ்காலத்துக்கு ஏற்ப உருவம் மாறுவதில்லை. நேற்று, நாளை போன்ற சொற்களும் சில துணைச் சொற்களுமே காலத்தைக் காட்டிவிடும். அதனால் வினையின் வடிவத்தைக் கவனிக்கும் பழக்கம் பிள்ளைக்கு இயல்பில் வருவதில்லை. ‘கோ’வும் ‘வென்ட்’டும் ஒரே வினை என்பதை மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஆனால் கதையில் எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்பதை வினையின் வடிவத்திலிருந்து உணர்வது வேறு திறமை. நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தும் கேள்விகளில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான்.

எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சீனத்தில் பத்தாயிரத்துக்குத் தனிச் சொல் உண்டு, ‘வான்’. அதற்கடுத்த பெரிய படி ‘யீ’, அதாவது பத்துக் கோடி. நாம் லட்சம், கோடி என்று எண்ணுகிறோம். இரண்டு கணக்கும் ஆங்கிலத்தின் மில்லியன், பில்லியனோடு பொருந்தாது. 1.4 பில்லியன் என்று படித்ததும் சீனப் பிள்ளை மனத்துக்குள் 14 யீ என்றும், தமிழ்ப் பிள்ளை 140 கோடி என்றும் மாற்ற வேண்டியிருக்கிறது. தேர்வறையில் நேரம் தின்னும் வேலை இது.

ஊகிப்பது ஒரு கலை, ஆனால் எல்லை உண்டு

மிங்கின் கதையை மறுபடி பார்ப்போம். இம்முறை மூன்று சொற்களைத் திருப்பித் தருகிறேன்.

“நேற்று மிங் தன் தாத்தாவின் வீட்டுக்குப் போனான். அங்கே பழைய குவிறு ஒன்று இருந்தது. அதைத் தொட்டதும் தாத்தா சிரித்து, ‘இது உன் அப்பாவின் விளையாட்டுப்பொருள்’ என்றார்.”

இப்போது இருபதில் பத்தொன்பது தெரியும், 95 விழுக்காடு. குவிறு என்றால் என்ன? பம்பரமா, பொம்மையா, மரக்குதிரையா என்று திட்டமாகச் சொல்ல முடியாது. ஆனால் அது ஒரு விளையாட்டுச் சாமான், தொட்டுப் பார்க்கக்கூடியது, பழையது என்பது தெரிந்துவிட்டது. தேர்வும் அவ்வளவுதான் கேட்கும். நான்கு விடைகளில் உணவு, ஆடை, விலங்கு, விளையாட்டுப்பொருள் என்று இருக்கும்.

சூழலை வைத்துப் பொருளை ஊகிக்கலாம் என்று எல்லாப் பயிற்சி நூலும் எழுதுகிறது. அது நடப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: சுற்றியிருக்கும் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். முதல் வடிவத்தில் நொறுவையை வைத்துக் குவிறை ஊகிக்க முடிந்ததா? நான்கில் ஒன்றைக்கூட மற்ற மூன்றால் திறக்க முடியவில்லை. அடிப்படைச் சொற்கள் குறைவாக உள்ள பிள்ளையிடம் “ஊகித்துப் படி” என்று சொல்வது பயனற்ற அறிவுரை. அந்தப் பிள்ளைக்கு முதலில் தேவை இன்னும் எளிய பத்தி.

சூழல் தவிர, சொல்லின் உடலிலேயும் தடயம் இருக்கும். ‘கேர்’ தெரிந்தவருக்கு ‘கேர்ஃபுல்’, ‘கேர்லெஸ்’, ‘கேர்ஃபுல்லி’ மூன்றும் பாதி தெரிந்தவைதான். முன்னொட்டு, பின்னொட்டு ஒரு இருபதைச் சரியாகக் கற்றால் 1600 சொற்களின் வீச்சு கணிசமாகக் கூடும். சொற்களை ஒன்றொன்றாகச் சேர்ப்பதைவிட இது மலிவான வழி.

நிரப்பும் பத்தி

ஜோங்காவோவில் மாணவர்கள் அதிகம் அஞ்சும் பகுதி எது என்று கேட்டால், பலர் நிரப்பும் பத்தியைத்தான் காட்டுவார்கள். ஒரு கதையில் பத்துப் பதினைந்து சொற்களை எடுத்துவிட்டு ஒவ்வோர் இடத்துக்கும் நான்கு சொற்களைத் தருவார்கள். இந்த முறையை 1953இல் அமெரிக்கரான வில்சன் டெய்லர் முன்வைத்தார். அவர் அளக்க நினைத்தது மாணவரை அல்ல, எழுத்தை. ஒரு கட்டுரை எவ்வளவு எளிதாகப் படிக்கத்தக்கது என்று கண்டறிவதற்கான கருவி அது. பிறகுதான் மொழித் தேர்வுக்குள் வந்தது.

நம் ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ போன்றதல்ல இது. அங்கே விடை பாடத்தில் இருக்கும். இங்கே நான்கு சொற்களும் இலக்கணப்படி பொருந்தும். கதைதான் தீர்ப்புச் சொல்லும். பாருங்கள்:

“லி ஹுவா முதன்முறையாக நீச்சல் குளத்துக்கு வந்தான். தண்ணீரைப் பார்த்ததும் கால்கள் நடுங்கின. பயிற்சியாளர் அருகில் வந்து ______ பேசினார். அந்தக் குரலைக் கேட்டதும் அவன் மூச்சு சீரானது.”

கடுமையாக, மென்மையாக, பெருமையாக, சோர்வாக. கோடிட்ட வாக்கியத்தை மட்டும் பார்த்தால் நான்கும் சரி. தீர்மானிக்கும் தடயம் அடுத்த வாக்கியத்தில் இருக்கிறது. எனவே இடைவெளி வந்த இடத்திலேயே நின்று விடையை முடிவு செய்பவர் தோற்பார். ஒரு முறை முழுக்க ஓட்டிப் படித்துவிட்டு, பிறகு நிரப்பத் தொடங்க வேண்டும். முதல் வாக்கியத்தில் வழக்கமாக இடைவெளி இருக்காது. கதை எங்கே, யாரைப் பற்றி என்று காட்டுவதற்காக முழுதாக விட்டிருப்பார்கள். அதை அவசரமாகத் தாண்டுவது பெரும் வீண்.

(லி ஹுவா என்பவர் சீன ஆங்கில வினாத்தாள்களின் நிரந்தரக் கதாநாயகர். கடிதம் எழுதும் கேள்வி வந்தால் “நீ லி ஹுவா என்று வைத்துக்கொள்” என்றுதான் தொடங்கும். பல தலைமுறை மாணவர்கள் அவர் பெயரில் வெளிநாட்டு நண்பர்களுக்கு எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். பதில் வந்ததாகத் தெரியவில்லை.)

தவறான விடை எப்படிச் செய்யப்படுகிறது

வாசிப்புப் பத்தியின் கொள்குறி வினாக்களில் ஒரு விடை சரி, மூன்று தவறு. அந்த மூன்றும் சும்மா எழுதப்பட்டவை அல்ல. ஒரு மாதிரியைப் பார்ப்போம்.

“பெரிய பாண்டாக்கள் சிச்சுவான், ஷான்ஷி, கான்சு மாநிலங்களின் மலைக்காடுகளில் வாழ்கின்றன. உணவில் பெரும்பகுதி மூங்கில். 2016இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், அவற்றை அழியும் நிலையிலிருந்து ஒரு படி குறைந்த ஆபத்து நிலைக்கு மாற்றியது. என்றாலும், வாழிடம் துண்டு துண்டாகச் சிதறிக் கிடப்பது கவலை தருகிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.”

இந்தப் பத்தியிலிருந்து நாம் அறிவது என்ன?

அ) பாண்டாக்களுக்கு இனி எந்த ஆபத்தும் இல்லை.
ஆ) ஆய்வாளர்கள் 2016இல் பாண்டாக்களின் நிலையை மாற்றினார்கள்.
இ) பாண்டாக்களைப் பார்க்க உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகிறார்கள்.
ஈ) நிலைமை முன்னேறியிருக்கிறது, ஆனால் சிக்கல் தீரவில்லை.

விடை ஈ. மற்றவை மூன்று வகைப் பொறிகள். சீன ஆசிரியர்கள் அவற்றுக்குப் பழமொழிப் பெயர்களே வைத்திருக்கிறார்கள். ‘ஆ’ என்பது ஜாங்கின் தொப்பியை லீயின் தலையில் வைப்பது. சொற்கள் எல்லாம் பத்தியில் உள்ளவை. ஆனால் ஒன்றியம் செய்ததை ஆய்வாளர் செய்ததாக மாற்றியிருக்கிறது. ‘இ’ இல்லாததிலிருந்து உண்டாக்குவது. செய்தி உண்மையாகவே இருக்கலாம், ஆனால் பத்தி அதைச் சொல்லவில்லை. பொது அறிவு அதிகமுள்ள பிள்ளைகள்தான் இதில் அதிகம் விழுகிறார்கள். ‘அ’ ஒரு பகுதியை முழுமையாக்குவது. ‘எந்த’, ‘எப்போதும்’, ‘எல்லாம்’ போன்ற சொல் விடையில் இருந்தால் இரண்டு முறை பார்க்க வேண்டும்.

‘ஆ’வைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளையைக் கவனியுங்கள். கேள்வியிலிருந்து ஒரு சொல்லை எடுத்து, பத்தியில் அதே சொல் எங்கே இருக்கிறது என்று தேடி, அருகில் உள்ளதை விடையாக எடுத்திருக்கிறது. தெசலைப் பற்றிக் கேட்டபோது நீங்கள் செய்ததும் அதேதான். ஏழாம் வகுப்பு வினாக்களில் இந்த உத்தி நன்றாக வேலை செய்யும், அதனாலேயே அது ஆபத்து. ஒன்பதாம் வகுப்பில், பத்தியில் ஒரு சொல்லும் விடையில் அதே பொருள் தரும் வேறு சொல்லும் வரத் தொடங்கியதும் உத்தி படுத்துவிடும். தேடும் திறமையை மட்டும் வளர்த்த பிள்ளை அப்போது திடீரென்று ‘ஆங்கிலத்தில் பின்தங்கிவிட்டதாக’ வீட்டில் கவலைப்படுவார்கள். உண்மையில் அது அதற்கு முன்பும் படித்துக்கொண்டிருக்கவில்லை.

இந்தப் பத்தியின் திறவுகோல் ‘என்றாலும்’. திருப்பம் காட்டும் சொற்களை, ஆனால், எனினும், அதற்கு மாறாக என்பவற்றை, வட்டமிட்டுப் படிப்பது எந்த உத்தியைவிடவும் பயன் தரும். எழுதியவர் தம் கருத்தைப் பெரும்பாலும் திருப்பத்துக்குப் பிறகுதான் வைப்பார்.

பயிற்சியை எப்படி அமைப்பது

2021 ஜூலையில் சீன அரசு, பள்ளிப் பாடங்களுக்கான லாப நோக்கு டியூஷனைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. வார இறுதியிலும் விடுமுறையிலும் அத்தகைய வகுப்புகளுக்குத் தடை. பெரிய டியூஷன் நிறுவனமான நியூ ஓரியண்டல் இணைய நேரலையில் பொருள் விற்கும் தொழிலுக்கு மாறியது. அதன் முன்னாள் ஆங்கில ஆசிரியர் தோங் யூஹுய், 2022 ஜூனில், மாட்டிறைச்சியும் அரிசியும் விற்றுக்கொண்டே ஆங்கிலச் சொற்களைக் கற்பித்து நாடு முழுவதும் புகழ்பெற்றார். பட்டியலில் பலமுறை பார்த்து மறந்த சொல், கண்முன்னே ஒரு பொருளோடு வந்தபோது மனத்தில் தைத்தது என்பதில் புதுமை இல்லை. ஆனால் அதை ஒரு கடைக்காரரின் நேரலை நிரூபிக்க வேண்டியிருந்தது.

டியூஷன் இல்லாத வீட்டில் செய்யக்கூடியது என்ன? பாடத்திட்டமே ஒரு குறிப்புத் தருகிறது. ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் பாடநூல் தவிர ஒன்றரை லட்சம் சொற்கள் அளவுக்குப் படித்திருக்க வேண்டும் என்கிறது. கேட்டால் மலைப்பாக இருக்கும். மூன்று ஆண்டுக்குப் பிரித்தால் நாளைக்கு ஏறத்தாழ 140 சொற்கள். இரண்டு சிறிய பத்தி. ஆனால் இது கேள்வி இல்லாத வாசிப்பாக இருக்க வேண்டும். பக்கத்துக்கு ஐந்தாறு சொற்களுக்கு மேல் தெரியவில்லை என்றால் அந்த நூல் இப்போதைக்குக் கடினம். இன்னும் எளிதானதை எடுக்கலாம். இதில் கௌரவம் பார்ப்பது பெற்றோர்தான், பிள்ளைகள் அல்ல.

கேள்வியுள்ள பத்திகளை வேறு விதமாகக் கையாள வேண்டும். வாரத்துக்கு மூன்று நான்கு போதும். முதல் முறை கடிகாரம் வைத்து, அகராதி இல்லாமல், விடைகளை எழுதி முடிக்க வேண்டும். மதிப்பெண் போடுவதற்கு முன், பத்தியை மூடிவிட்டு அது என்ன சொன்னது என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள். சீனத்தில் சொன்னாலும் சரி. எல்லா விடையும் சரியாக எழுதிவிட்டு இதில் திணறும் பிள்ளை, பத்தியைப் படிக்கவில்லை, தேடியிருக்கிறது. பிறகு இரண்டாம் முறை, அவசரமில்லாமல், நீண்ட வாக்கியங்களைப் பிரித்து, தெரியாத சொற்களில் பயன்படக்கூடிய ஐந்தை மட்டும், அவை வந்த வாக்கியத்தோடு சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும். பதினைந்து சொல்லை எழுதினால் ஒன்றும் நிற்காது.

சீன மாணவர்கள் எல்லாப் பாடத்துக்கும் பிழை நோட்டு ஒன்று வைத்திருப்பார்கள். தவறிய கேள்வியை வெட்டி ஒட்டி, சரியான விடையைச் சிவப்பு மையில் எழுதுவார்கள். கணக்குக்கு அது பொருத்தம். ஆங்கில வாசிப்பில், சரியான விடை ‘ஈ’ என்று சிவப்பில் எழுதி எந்தப் பயனும் இல்லை; அந்தப் பத்தி மறுபடி வரப்போவதில்லை. எழுத வேண்டியது ஏன் ‘ஆ’வைத் தேர்ந்தெடுத்தோம் என்பதை. ‘கவனக்குறைவு’ என்று எழுதுவதை ஏற்றுக்கொள்ளக் கூடாது. தெரிந்த சொல்லுக்கு வேறு பொருளா, வாக்கியத்தின் அடிமரம் தவறியதா, தொப்பி தலைமாறியதா, ‘என்றாலும்’ கண்ணில் படவில்லையா என்று குறிப்பாக எழுத வேண்டும். இரண்டு மாதம் கழித்து அந்த நோட்டைப் புரட்டினால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்திருக்கும். அடுத்த மாதப் பயிற்சியை அந்த ஒன்றுக்கு ஒதுக்கலாம்.